பாட்டுக்கு ஒரு ஓட்டு

வியட்நாமில் டி.வி. நேயர்கள் செல்போனில் போட்ட ஓட்டு ஒரு மலைவாசி இளைஞனை நட்சத்திரமாக்கியது. அந்த ஓட்டால் முடிந்ததும் முடியாததும்.

சைகோன் நகரின் ஓபரா மாளிகைப் படிக்கட்டில் மாலை ஐந்து மணிக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள் ஆறுபோல ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1900 ஜனவரியில் திறந்த கட்டடம் இது. காலனி அதிகாரிகளும் அவர்களின் மனைவிமார்களும் பாரிஸிலிருந்து வந்த பாடகர்களைக் கேட்க இங்கு கூடினார்கள். 1950களின் மத்தியில் பாட்டு நின்றது. கூடத்தில் நாற்காலிகளை மாற்றிப் போட்டு, தென் வியட்நாமின் சட்டசபையாக்கினார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகள் இங்கே கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். 1975 ஏப்ரல் 30ல் வட வியட்நாமின் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. சபை கலைந்தது. கட்டடம் மீண்டும் பாட்டுக்கே வந்து சேர்ந்தது.

பாட்டும் ஓட்டும் மாறி மாறிக் குடியிருந்த வீடு இது. இந்த நாட்டில் அவை இரண்டும் ஒன்றாகக் கலந்த கதையைத் தேடித்தான் 2025 அக்டோபரில் நான் சைகோனுக்குப் போயிருந்தேன். ஊரின் அதிகாரபூர்வமான பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான்.

ஒரு கட்சி மட்டுமே ஆளும் நாடு வியட்நாம். தேர்தல் உண்டு. வேட்பாளர்களைக் கட்சியின் துணை அமைப்பான தந்தையர் நாட்டு முன்னணி சலித்தெடுத்துப் பட்டியல் போடுகிறது. 2021 மே மாதம் நடந்த தேசிய சபைத் தேர்தலில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டதாக அரசு அறிவித்தது. முடிவைத் தெரிந்துகொள்ள யாரும் ராத்திரி கண் விழித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதே நாட்டில், 2007க்குப் பிறகு பல இரவுகள், ஒரு முடிவைத் தெரிந்துகொள்ள லட்சக்கணக்கான வீடுகள் டி.வி. முன்னால் காத்திருந்தன. யார் மேடையில் நிற்பது, யார் வீட்டுக்குப் போவது என்பதை ஜனங்களே முடிவு செய்த இரவுகள் அவை.

ஹோ சி மின் நகர டெலிவிஷன் நிலையமான எச்.டி.வி., மிருகக்காட்சி சாலைக்கு அருகில் இருக்கிறது. அதன் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு காபிக் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, எட்டு பிளாஸ்டிக் முக்காலிகள், மேலே ஒரு நீலத் தார்ப்பாய். கண்ணாடி டம்ளரில் கட்டிப் பாலை ஊற்றி, அதன்மேல் அலுமினிய வடிகட்டியை வைத்து, சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரப் பெண்மணிக்கு வயது 60ஐத் தாண்டியிருக்கும். எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த கல்லூரி மாணவி அவரை 'கோ' என்று கூப்பிட்டாள். வியட்நாமியில் அது அப்பாவின் தங்கையைக் குறிக்கும் சொல். நம் அத்தை. அந்த மொழியில் உறவு சொல்லாமல் யாரோடும் பேச முடியாது. 'நான்', 'நீ' என்பதற்குப் பொதுவான சொல் தினசரிப் பேச்சில் கிடையாது. அண்ணன், தங்கை, அத்தை, மாமா என்று ஏதாவது ஒன்றாகத்தான் எதிராளி இருக்க வேண்டும்.

பாட்டுப் போட்டி ஏன் அங்கு அப்படிப் பற்றிக்கொண்டது என்பதற்கு இதுவே பாதி விளக்கம் என்று தோன்றியது. திரையில் பாடும் பெண் யாரோ ஒரு போட்டியாளர் அல்ல, தங்கை. தங்கைக்கு ஓட்டுப் போடாமல் எப்படி இருப்பது?

அத்தைக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கின்றன. "ஒரு போனிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். சாதாரண மெசேஜைவிடப் பல மடங்கு காசு பிடிப்பார்கள். என் மகன் ஒரு வாரக் காபி வருமானத்தை ஒரே ராத்திரியில் அனுப்பித் தீர்த்தான்" என்கிறார். சொல்லும்போது கோபம் இல்லை. "நான்தான் அனுப்பச் சொன்னேன்" என்று சேர்த்துக்கொள்கிறார்.

நடைமுறை எளிமையானது. ஒரு இரவு போட்டியாளர்கள் பாடுவார்கள். திரையின் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு ஓடும். அதை டைப் செய்து ஒரு நாலு இலக்க எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பிறகு முடிவு இரவு. குறைந்த ஓட்டு வாங்கியவர் கண்ணீரோடு கடைசிப் பாட்டுப் பாடி விடைபெறுவார். நடுவர்கள் திட்டலாம், புகழலாம். இறுதிச் சுற்றுகளில் தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை. ஓட்டுக்கு வசூலாகும் காசை டெலிபோன் கம்பெனிகளும் நிகழ்ச்சி நடத்துபவர்களும் பங்கிட்டுக்கொள்ளும் வியாபாரம் இது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள்.

இதற்கு முன்னும் அங்கு பாட்டுப் போட்டிகள் உண்டு. அரசு டெலிவிஷனான வி.டி.வி. 1997 முதல் 'சாவ் மாய்' என்ற தேசியப் போட்டியை நடத்தியது. சாவ் மாய் என்றால் விடிவெள்ளி. கன்சர்வேட்டரி ஆசிரியர்களும் இசையமைப்பாளர்களும் மதிப்பெண் போடுவார்கள். சேம்பர் இசை, நாட்டுப்பாடல், மெல்லிசை என்று தனித்தனிப் பிரிவுகள். கிட்டத்தட்ட பரீட்சை மாதிரி. 2004ல் இதன் கிளையாக வந்த 'சாவ் மாய் தியெம் ஹென்' நிகழ்ச்சியில்தான் நேயர்களின் எஸ்.எம்.எஸ். நுழைந்தது. அதன் ஏற்பாட்டாளர்கள் செய்த காரியம் சுவாரஸ்யமானது. ஒரு பரிசுக்குப் பதில் இரண்டு வைத்தார்கள். ஒன்று நிபுணர் குழு கொடுப்பது. மற்றது நேயர்கள் கொடுப்பது. முதல் ஆண்டிலேயே இரண்டும் இரண்டு பேருக்குப் போயின. நிபுணர்கள் துங் யுவாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். விசித்திரமான, சோதனை முயற்சிகள் நிறைந்த பாடகர். ஜனங்கள் காசிம் ஹுவாங் வூவைத் தேர்ந்தெடுத்தார்கள். நிபுணர் ரசனையும் ஜன ரசனையும் வேறுவேறு என்பதை ஒரு அரசு டெலிவிஷனே மேடையேற்றிக் காட்டியது.

2007ல் எச்.டி.வி.யில் 'வியட்நாம் ஐடல்' வந்தபோது இரண்டாவது பரிசு கிடையாது. மகுடம் ஒன்றுதான். அது நேயர்கள் தருவது. பிரிட்டனில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 2004ல் இந்தியாவுக்கும் வந்த அதே அச்சு. முதல் ஆண்டு ஃபுவாங் வி ஜெயித்தார். அடுத்து குவோக் தியென். 2010ல் உயென் லின். கடைசியாகச் சொன்னவர் ஜெயித்தபோது நடுவர்களும் ஜனங்களும் ஒரே பக்கம் நின்றதால் பெரிய சர்ச்சை எழவில்லை. சர்ச்சை அடுத்த போட்டிக்காகக் காத்திருந்தது.

அதைப் பார்க்க மலையேற வேண்டும். சைகோனிலிருந்து தா லாத் நகருக்கு சுமார் 300 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். ரப்பர் தோட்டங்கள் முடிந்து காபித் தோட்டங்கள் வரும்போது காற்று குளிரத் தொடங்குகிறது. தா லாத், பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்குத் தப்பிப் போக உருவாக்கிய ஊர். நம் ஊட்டி மாதிரி. பைன் மரங்களும் ஏரியும் தேனிலவு ஜோடிகளும் உண்டு. அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் தோன் யுவாங் பள்ளத்தாக்கு. தக்காளி, முட்டைக்கோஸ், கறவை மாடுகள். ஜப்பானியர்களின் போர் இழப்பீட்டுப் பணத்தில் 1960களில் கட்டிய தா நிம் நீர்மின் திட்டத்தின் ஏரி. பச்சை வயல்களுக்கு நடுவே வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்களில் காய்கறி விளைகிறது.

சுரு மக்களின் ஊர்கள் இங்கேதான். வியட்நாம் அரசு அங்கீகரித்துள்ள 54 இனங்களில் ஒன்று. கிங் என்ற பெரும்பான்மை இனம் நாட்டின் மக்கள்தொகையில் 85 சதவீதம். சுரு மக்கள் மொத்தமே சுமார் 20 ஆயிரம் பேர். அவர்கள் பேசும் மொழி வியட்நாமிக்கு உறவில்லாதது. ஒரு காலத்தில் கடலோரத்தை ஆண்ட சம்பா நாட்டு மக்களின் மொழிக்கு நெருக்கமானது. தாய்வழிச் சமூகம். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். மணமகன் மணமகளின் வீட்டுக்குக் குடிபோவான். கா டோனில் இவர்களுக்காக மரத்தால் கட்டிய அழகிய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. நான் போன அன்று மழை. உள்ளே சில பையன்கள் கிதார் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் யா சுய் வந்தார். 2012ல் தொடங்கி 2013ன் ஆரம்பத்தில் முடிந்த நான்காவது ஐடல் போட்டியில் இறுதிச் சுற்றில் நின்றவர்கள் இருவர். ஒருவர் ஹுவாங் குயென். ஆழமான, தேர்ந்த குரல். இசை தெரிந்தவர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். மற்றவர் யா சுய். பயிற்சி குறைவு. பேச்சில் கூச்சம். ஆனால் குரலில் மலைக்காற்றின் கரகரப்பு. ஜனங்கள் யா சுய்க்கு ஓட்டுப் போட்டார்கள்.

பெரிய நகரங்களின் பத்திரிகைகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஜெயித்தது பாட்டா, பரிதாபமா என்று கேட்டார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இசை கேட்கத் தெரிய வேண்டியதில்லை என்றார்கள்.

தேவாலயத்துக்கு எதிரே டீ விற்ற முதியவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஊர் முழுக்க ஓட்டுப் போட்டோம். போன் இல்லாதவர்கள், இருப்பவர்களிடம் காசு கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆனால் நாங்கள் 20 ஆயிரம் பேர், அதில் கிழவர்களும் குழந்தைகளும் எத்தனை? எங்கள் ஓட்டால் மட்டும் அவன் ஜெயித்திருக்க முடியுமா? கீழே இருக்கும் கிங் ஜனங்கள் போட்டார்கள். அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்" என்றார்.

அந்தக் கணக்கை மறுக்க முடியாது. இந்தியாவில் இதே மாதிரி ஒன்று நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007ல் 'இந்தியன் ஐடல்' மூன்றாவது போட்டியில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த போலீஸ் கான்ஸ்டபிள் பிரசாந்த் தமாங் ஜெயித்தார். எதிரே நின்ற அமித் பால் மேகாலயாக்காரர். இரண்டு மலைகளிலும் ஓட்டுக்காக உண்டியல் குலுக்கினார்கள். பிரசாந்த் ஜெயித்ததும் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் கூர்க்கா மக்களைக் கேலி செய்யப்போய், சிலிகுரியில் கலவரம் வெடித்து ராணுவம் இறங்க வேண்டியதாயிற்று. காவல்காரர்களாகவே மற்றவர்கள் பார்த்த ஒரு இனத்துக்கு, டி.வி. ஓட்டு ஒரு அங்கீகாரமாகவும் அவமானத்துக்குப் பதிலாகவும் ஆகிவிட்டது. வியட்நாமில் கல் எறியப்படவில்லை. அங்கு தெருவில் இறங்கும் வழக்கமும் எளிதில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆனால் மேட்டுநிலத்து மக்களைக் காபிக்கொட்டை பறிப்பவர்களாகவும் டூரிஸ்டுகளுக்காக வெண்கலத் தாளம் தட்டுபவர்களாகவும் மட்டுமே பார்த்த நாடு, ஒரு இரவு அவர்களில் ஒருவரைத் தன் பாடகன் என்றது. முந்தைய ஐடல் போட்டிகளின் நடுவர் மேஜையிலும் கான் தும் பகுதியின் பானார் இனத்துப் பாடகி சியு பிளாக் அமர்ந்திருந்தார். ஆனால் நடுவரை நியமிப்பது டி.வி. நிலையம். இவரைத் தேர்ந்தெடுத்தது ஜனங்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? இந்தப் பகுதி கொஞ்சம் வருத்தமானது. ஓட்டுப் போட்டவர்கள் அடுத்த போட்டிக்குப் போய்விட்டார்கள். சைகோனில் பாடகனாக வாழ மானேஜர் வேண்டும், ஆல்பத்துக்குப் பணம் வேண்டும், வாரம் ஒரு சட்டை வேண்டும். சில ஆண்டுகளில் யா சுய் மலைக்கே திரும்பி விவசாயம் பார்ப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. 'வீழ்ந்த நட்சத்திரம்' என்ற தொனியில். டீக்கடை முதியவருக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. "வீட்டுக்குத் திரும்புவது வீழ்ச்சியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஓட்டால் ஒரு மனிதனை மேடையில் ஏற்ற முடிந்தது. எந்தப் பாட்டைப் பாடலாம் என்பதை அதனால் முடிவு செய்ய முடியவில்லை. சைகோன் திரும்பியபின் காபிக் கடை அத்தைதான் இதைப் புரிய வைத்தார்.

1950களிலிருந்து தென் வியட்நாமில் பொலேரோ என்ற தாளத்தில் காதலும் பிரிவும் சிப்பாயின் ஏக்கமும் பாடப்பட்டன. நம் ஊர் சோகப் பாட்டுகளைப் போல மெதுவான, நேராக நெஞ்சுக்குப் போகும் பாட்டு. கம்யூனிஸ்டுகள் இதற்கு 'மஞ்சள் இசை' என்று பெயர் வைத்தார்கள். புரட்சிப் பாடல்கள் சிவப்பு இசை. மஞ்சள், மனதைத் தளர்த்தும் என்பது குற்றச்சாட்டு. வடக்கே ஹானோயில், நண்பர்கள் சிலர் கூடி மஞ்சள் இசை பாடியதற்காகக் கைதாகி, 1971ல் தண்டிக்கப்பட்டார்கள். குழுத் தலைவருக்கு 15 ஆண்டுச் சிறை. 1975க்குப் பிறகு தெற்கிலும் இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் பறிமுதலாகி எரிந்தன.

அத்தையின் கணவர் தோற்ற பக்கத்து ராணுவத்தில் லாரி டிரைவர். "அரிசிப் பானைக்கு அடியில் ஏழு கேசட் வைத்திருந்தார். மழை பலமாகப் பெய்யும்போது மட்டும் போடுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது இல்லையா?" என்றார் அத்தை.

1986ல் பொருளாதாரக் கதவு திறந்தபின் பிடி தளர்ந்தது. ஆனால் 1975க்கு முந்தைய தென்னாட்டுப் பாடல் ஒவ்வொன்றும் மேடையேற அரசு அனுமதி பெற வேண்டும் என்ற விதி நீடித்தது. டி.வி. போட்டிகளில் பாடுகிறவர்களும் அந்தப் பட்டியலுக்குள்தான் தேட வேண்டும். 2017 மார்ச்சில் ஐந்து பழைய பாடல்களுக்குக் கலாசார அதிகாரிகள் திடீரென்று தடை போட்டார்கள். எழுந்த கேலியைத் தாங்க முடியாமல் அடுத்த மாதமே விலக்கிக்கொண்டார்கள். அந்த அமளியில் இன்னொரு பூதம் கிளம்பியது. 1975 ஏப்ரல் 30 அன்று, போர் முடிந்த சில மணி நேரத்தில், இசையமைப்பாளர் ட்ரின் காங் சோன் சைகோன் ரேடியோவில் ஒரு பாட்டுப் பாடினார். வடக்கும் தெற்கும் கைகோர்க்கச் சொல்லும் பாட்டு. 40 ஆண்டுகளாகப் பள்ளிக்கூட விழாக்களில் எல்லோரும் பாடுவது. அதற்கும் முறையான அனுமதி இல்லை என்று தெரியவந்தது. அவசரமாக அனுமதி வழங்கினார்கள்.

இதற்கிடையில் மீகாங் டெல்டாவின் வின் லாங் டெலிவிஷன் 2014ல் பொலேரோவுக்கென்றே ஒரு போட்டி ஆரம்பித்தது. தெற்கத்தி கிராமங்கள் அதன் முன்னால் உட்கார்ந்தன. 2016ல் தேசிய அலைவரிசையான வி.டி.வி.3லும் பொலேரோ போட்டி வந்தது. எந்தப் பாட்டுக்காக ஹானோயில் சிறை கிடைத்ததோ, அதே வகைப் பாட்டுக்கு ஹானோயின் டி.வி. பரிசு கொடுத்தது. 2021 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய ஆணை, 1975க்கு முந்தைய பாடல்களுக்கு அனுமதி வாங்கும் முறையையே எடுத்துவிட்டது. இதற்கு யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

போட்டிகள் இன்னும் நடக்கின்றன. முகம் மாறியிருக்கிறது. ஐடல் 2016ல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணான ஜானிஸ் ஃபுவாங்குக்கு மகுடம் சூட்டிவிட்டு ஓய்ந்தது. ஏழாண்டு கழித்து 2023ல் திரும்பி வந்து ஹா ஆன் ஹுய்யைத் தேர்ந்தெடுத்தது. 2012ல் வந்த 'வியட்நாமின் குரல்' போட்டியில் 2015ல் ஜெயித்த துக் ஃபுக், 2025 செப்டம்பரில் மாஸ்கோவில் நடந்த இன்டர்விஷன் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். இந்தியா உள்படப் பல நாடுகள் கலந்துகொண்ட போட்டி அது. நான் போனபோது சைகோனில் எங்கும் அவர் பேச்சுதான். அங்கே தீர்ப்புச் சொன்னது சர்வதேச நடுவர் குழு. நேயர் ஓட்டு இல்லை. "அதனால் என்ன, முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தானே" என்றாள் என் மொழிபெயர்ப்பாளர் மாணவி. 2015ல் அவள் பள்ளிச் சிறுமி. அம்மாவின் போனைத் திருடி அவருக்கு ஓட்டுப் போட்டவள்.

கிளம்பும் நாளன்று அத்தையிடம் விடைபெறப் போனேன். வண்டிக்கு மேலே ஒரு பழைய செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பெண் பொலேரோ பாடிக்கொண்டிருந்தாள். உச்சக்கட்ட சத்தத்தில். சந்து முழுக்கக் கேட்டது.

முதல் பொலேரோ போட்டி டி.வி.யில் வந்தபோது உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவர் 2009ல் போய்விட்டார்" என்றார். வடிகட்டியைத் தூக்கி, இன்னும் சொட்டுகிறதா என்று பார்த்தார். "என் மகன் எத்தனை பேருக்கோ ஓட்டுப் போட்டான். எல்லோரும் தோற்றார்கள். இவர் ஒருவர்தான் ஜெயித்தார். இவருக்கு யாரும் ஓட்டே கேட்கவில்லை."

காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.